இறங்கும் சத்தம்

ஓக் ஃபோர்க் பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவர் முழுக்க விரல் தடங்கள். ஆகஸ்ட் மாதம் பிராக்டிஸ் தொடங்கும் முதல் நாள், வாலிபால் அணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் விரல் நுனியில் நீலச் சாக்பொடியைத் தடவிக்கொண்டு ஓடிவந்து எகிறி, எட்டிய உயரத்தில் சுவரை அறைய வேண்டும். தடத்துக்குக் கீழே பெயரின் முதலெழுத்து. அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டால் அப்புறம் அழியாது. விருந்தாளி வந்தால்கூடக் கூட்டிவந்து காட்டுவார்கள். எவள் எவ்வளவு உயரம் போனாள் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. எப்படி இறங்கினாள் என்று குறித்து வைக்க மட்டும் அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜோரி வாவ்ராவின் தடம் போன வருஷத்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. இந்த ஆகஸ்டில் அவள் எகிறவில்லை. எகிறக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவளைவிட இரண்டு வயது சின்னவளான இட்செல் ருயேடா ஓடிவந்து ஓங்கி அறைந்தாள். ஜோரியின் தடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே விழுந்தது அடி. எல்லாரும் கைதட்டினார்கள். ஜோரியும் தட்டினாள். அணித் தலைவி ஆயிற்றே, தட்டாமல் நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அவள் காதில் விழுந்தது கைதட்டல் இல்லை, இட்செல் வந்து இறங்கின சத்தம். மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு 'தொம்'. அதுவும் ஒற்றைக் காலில், இடது முழங்கால் உள்பக்கமாக மடங்க.

அந்தச் சத்தம் ஜோரிக்கு நன்றாகத் தெரியும். போன அக்டோபரில் அவளும் அப்படித்தான் இறங்கினாள். வலைக்கு இடது ஓரத்தில் எகிறி, ஓங்கி அடித்து, பந்து எதிரணித் தரையில் பட்டுப் புள்ளியும் கிடைத்துவிட்டது. அரங்கமே எழுந்து கூத்தாடிக்கொண்டிருந்தபோது அவள் தரையில் கிடந்தாள். யாரும் இடிக்கவில்லை, கால் வழுக்கவில்லை. சும்மா இறங்கினாள், அவ்வளவுதான். வலது முழங்காலுக்குள் காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒன்று கேட்டது. ஜவ்வு அறுந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து லிங்கன் நகரத்துக்கு வைத்தியத்துக்குப் போய்வந்த நாட்களில், அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பழைய வீடியோக்களைக் கொண்டுவரச் சொன்னாள். ஜோரியின் அம்மா கார்லா ஒரு மேட்ச் விடாமல் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் அவற்றை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். ஏழாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில், ஒன்பதில், ஒவ்வொரு முறை ஜோரி இறங்கும்போதும் வலது முழங்கால் உள்ளே சாய்ந்தது. பின்னால் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், காலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"முழங்கால் மேல தப்பில்ல. உன் இடுப்பும் பின்தொடையும் சோம்பேறியா சும்மா இருக்கு, முழங்கால் ஒண்டியா மொத்தப் பாரத்தையும் தாங்குது. முன்னாடியே பாத்திருந்தா தினம் கால் மணி நேரப் பயிற்சியில சரி பண்ணியிருக்கலாம்" என்றாள் அவள்.

அந்தக் கால் மணி நேரம் ஜோரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கால் மணி நேரம்! அவளும் அவள் தோழி மேரனும் பிராக்டிஸுக்கு முன்னால் ஜடை பின்னிக்கொள்ளவே அதைவிட நேரம் எடுப்பார்கள். அதனால்தான் இந்த சீசன் தொடங்கியதும் கோச் பில்காவிடம் போய் நின்று, அந்தக் கால் மணி நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். பெண்கள் அதற்கு 'ஜோரியின் பிரசங்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒருத்தி மண்டியிட, இன்னொருத்தி அவள் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முன்னால் மெள்ள மெள்ளச் சாய வேண்டும்; அதில் பின்தொடை தீயாய் எரியும். கடைசியில் மரப்பெட்டி மேலிருந்து குதித்து, இரண்டு காலிலும், சத்தம் வராமல் இறங்க வேண்டும்.

"கேட்டுச்சு!" என்று ஜோரி கத்துவாள். "இன்னொரு தடவை. பூனை மாதிரி இறங்குங்கடீன்னா டிராக்டர் மாதிரி இறங்குறீங்க."

இதோடு விட்டாளா? ஒரு விதியும் போட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும், பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் களைத்துக் கிடக்கும்போது, ஜோடி ஜோடியாகப் பெட்டியிலிருந்து பத்து முறை குதிக்க வேண்டும். ஜோடிக்காரி முன்னால் நின்று போனில் படம் பிடிப்பாள். முழங்கால், கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால் அந்த வாரம் வலைக்கு முன்னால் எகிறி அடிக்கக் கூடாது, பயிற்சி மட்டும்தான். தீர்ப்புச் சொல்வது ஜோடிக்காரி. களைப்பில்லாமல் குதித்தால் எவளும் ஒழுங்காகத்தான் குதிப்பாள், முழங்காலின் குட்டு வெளிப்படுவது களைத்த பிறகுதான் என்பது ஜோரிக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். செப்டம்பரில் இரண்டு பேர் அப்படி உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் அப்பா அரங்க வாசலில் நின்று கோச்சிடம் சண்டை போட்டார். கோச் விதியை மாற்றவில்லை.

ஜோரிக்கு ஜோடி இட்செல். அதுவும் கோச்சின் ஏற்பாடு. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஜோரி ஆடிவந்த இடது ஓரத்தில்தான் இப்போது இட்செல் ஆடினாள்.

"முட்டி" என்பாள் ஜோரி, இட்செலின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு. "இடுப்ப மடக்காத. ஏமாத்துற நீ."

"சாகப் போறேன் கேப்டன். எங்கம்மாகிட்ட நல்ல பொண்ணா இருந்தேன்னு சொல்லிடு."

"பொய் சொல்ல மாட்டேன். சாய்."

ஒருநாள் ஜோரி ஒரே பயிற்சியை நான்காவது முறை செய்யச் சொன்னபோது இட்செல் ரப்பர் பட்டையைக் கழற்றி வீசிவிட்டாள். "உன்னால குதிக்க முடியலன்னு என்னையும் தரையிலயே உக்கார வைக்கப் பாக்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். ஜோரி குனிந்து பட்டையை எடுத்துப் பெட்டி மேல் வைத்தாள். அன்று வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியெல்லாம், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்று யோசித்தாள். இருந்தது. அந்தப் பெண் எகிறும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. முழங்காலைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் உண்மை, வயிற்றெரிச்சலும் உண்மை. இரண்டும் ஒரே வண்டியில்தான் ஏறிக்கொண்டு போயின.

அவளுடைய ஏக்கம் ஆட்டத்தைப் பற்றியதுகூட இல்லை. ஒரே ஒரு பந்தைப் பற்றியது. மேரன் ஷ்ராம் தூக்கிக் கொடுக்கும் பந்து.

மேரன் அணியின் செட்டர். பின்னாலிருந்து வரும் பந்தை விரல் நுனியால் தூக்கி, அடிக்கிறவளுக்கு வாகாக வலையோரம் நிறுத்துவது அவள் வேலை. மூன்றாம் வகுப்பில், சர்ச் வளாகத்தில், வலைக்குப் பதிலாகக் கட்டியிருந்த துணிக்கொடிக்கு மேலாக அவள் முதல் பந்தைத் தூக்கினாள். ஜோரி அதை அடித்துப் பாதிரியார் கார் மேல் போட்டாள். அன்றிலிருந்து இதே கதைதான். மேரன் பார்க்க மாட்டாள், கூப்பிட மாட்டாள். கை விரிந்து மூடும். பந்து உயரப் போய், இடது ஓரத்தில், ஓர் இடத்தில் ஒரு கணம் நிற்கும். ஜோரி அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். அந்த ஒரு கணம் பந்தும் அவளும் மேலே இருப்பார்கள், மற்றதெல்லாம் கீழே இருக்கும். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவள் அதைக் கனவில் எத்தனையோ முறை கண்டுவிட்டாள். கனவிலும் எகிறுவாள், கை ஓங்குவாள். பந்தைத் தொடுவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

இனிமேல் நாளும் இல்லை. இரண்டு பேருக்கும் இதுதான் பள்ளியில் கடைசி வருஷம். மே மாதத்தோடு மேரன் மின்கம்பம் ஏறும் வேலைக்குப் படிக்கப் போகிறாள். அங்கே வாலிபால் கிடையாது, அவளுக்கும் வேண்டாம். "நீ நாப்பதடிக் கம்பம் ஏறப் போற, எனக்கு நாற்காலி மேல ஏறவே அம்மா பெர்மிஷன் வேணும்" என்று ஜோரி கேலி செய்வாள். சொல்லிவிட்டு இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சொந்த ஊரில் ஆட மிச்சமிருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை. சொந்த அரங்கில் கடைசி மேட்ச். கடைசி வருஷப் பெண்களை அப்பா அம்மாவோடு நடுமைதானத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் மரியாதை செய்யும் நாள். திங்கட்கிழமை டாக்டர் ஜோரியின் முழங்காலை மடக்கி நீட்டி, ஒற்றைக் காலில் தாவச் சொல்லிப் பார்த்துவிட்டு, "என் பக்கம் சரி. உங்க கோச்சும் சரின்னா விளையாடு" என்று சொல்லிவிட்டார். அம்மா ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்திலேயே அழுதாள். ஜோரி மேரனுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், ஜோரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கோச் பில்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை எல்லாரையும் போல நீயும் பெட்டி மேல ஏறணும். விதி நீ போட்டது."

செவ்வாய்க்கிழமை ஜோரி அணியோடு சேர்ந்து முழுப் பிராக்டிஸும் செய்தாள். ஓடினாள், பாய்ந்தாள், விழுந்து புரண்டாள். மேரனின் பந்தை மட்டும் அடிக்கவில்லை. அதை வியாழக்கிழமைக்கு வைத்திருக்கிறேன் என்றாள். முடிவில் தொடை நடுங்க, வியர்வை கண்ணில் இறங்க, பெட்டி மேல் ஏறினாள். இட்செல் எதிரே மண்டியிட்டு போனைப் பிடித்தாள். மற்றவர்கள் தங்கள் ஜோடியை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதல் ஏழு முறை பூனைதான். எட்டாவதில் ஏதோ ஒன்று நழுவியதை ஜோரி உணர்ந்தாள். ஒன்பதாவதில் சந்தேகமே இல்லை. தொடை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பத்தாவதில் தரையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மற்றவர்கள் அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டதால் அது யாருக்கும் கேட்டிருக்காது.

இட்செல் போனைப் பார்த்தாள், ஜோரியைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், மேரன் ஓடிவந்து ஜோரியை இடுப்போடு தூக்கிவிட்டாள். "இறக்குடி, முட்டி, முட்டி!" என்று ஜோரி கத்த, எல்லாரும் சிரிக்க, கோச் பில்கா தன் பலகையில் வியாழக்கிழமை ஆடுகிறவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினாள்.

வீட்டில் அப்பா இல்லை. அறுவடைக் காலம், சோளக் கொல்லையில் எந்திரத்தை விட்டு இறங்க அவருக்கு நேரமில்லை. அம்மா காரமான பீன்ஸ் இறைச்சிக் குழம்பும், அதில் தோய்த்துத் தின்ன இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் வைத்திருந்தாள். ஜோரிக்கு உயிரான சாப்பாடு. அவள் ரொட்டியைக் குழம்பில் போட்டுவிட்டு, எடுக்க மறந்து, இட்செல் அனுப்பிய வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப் போவுது" என்றாள் கார்லா. "எத்தன தடவ பாப்ப? அதான் பாஸாயிட்டியே."

ஜோரி ஒன்பதாவது குதிப்பில் படத்தை நிறுத்தி, போனை மேசைமேல் அம்மா பக்கம் தள்ளினாள். "காலப் பாரும்மா."

கார்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வலது முழங்கால், பெருவிரலைத் தாண்டி, உள்ளே சாய்ந்து நின்றது. கொஞ்சம்தான். ஆனால் சாய்ந்துதான் நின்றது.

"டாக்டரே சரின்னுட்டார்" என்றாள் கார்லா.

"டாக்டர்கிட்ட நான் தூங்கி எழுந்து போனேன். இது களைச்சப்புறம்."

"ஒரே ஒரு மேட்ச்தானே, ஜோ. ஒரு தடவ அடிச்சிட்டு வந்து உக்காந்துக்கயேன். நீ அதுக்காக எவ்வளவு..."

"ஒரு தடவ இறங்கினதுலதாம்மா போச்சு."

கார்லா மறுபடி போனைப் பார்த்தாள். அவள் எடுத்த வீடியோக்கள் எல்லாம் அவள் கண்முன் ஓடியிருக்க வேண்டும். "நான் உன் முகத்தையும் பந்தையும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உன் கால நான் பாக்கவே இல்ல" என்றாள். ஜோரி நாற்காலியை நகர்த்திப் போய் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பந்து வேண்டும். உடம்பில் ஒவ்வொரு எலும்புக்கும் அது வேண்டியிருந்தது. இந்த வீடியோவை அழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை, அம்மாவையும் இட்செலையும் தவிர. விரல் இரண்டு முறை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. இட்செல் என்கிற அந்தத் தலைக்கனம் பிடித்தவள் இல்லாமல் வேறு யாராவது படம் பிடித்திருந்தால் அழித்தே இருப்பாள்.

மறுநாள் முதல் மணி அடிக்குமுன் இட்செலை லாக்கர்களுக்குப் பக்கத்தில் மடக்கினாள்.

"நீ பாத்த."

"என்னத்த?"

"ஒம்பதாவது. பத்தாவது. நீ பாத்துட்டுத்தான் நல்லாருக்குன்னு சொன்ன."

இட்செல் லாக்கரைத் திறந்தாள், மூடினாள். "பின்ன என்ன சொல்லச் சொல்ற? எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. மேரன் அழுறதுக்கு ரெடியா நின்னா. நான் உள்ள போச்சுன்னு சொல்லியிருந்தா, இந்த இடத்தப் புடிச்சுக்கத்தான் சொன்னான்னு ஊரே பேசும். எங்கம்மா கேன்டீன்ல தாமலே கொழுக்கட்டை விக்குறாங்க, கேப்டன். ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

ஜோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் முட்டி உள்ள போனா நான் நல்லாருக்குன்னு சொல்வேனா?"

"நீயா? நீ பிசாசு. நடு மைதானத்துல மைக் புடிச்சுச் சொல்லுவ."

"சொல்லுவேன்ல?"

"சொல்லுவ." இட்செல் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு போய்விட்டது. "எனக்குப் பாவமா இருந்துச்சு, ஜோரி. அவ்வளவுதான்."

அவள் 'கேப்டன்' என்று கிண்டலாகச் சொல்லாமல் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜோரி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். போனை எடுத்துக்கொண்டு கோச் அறைக்கு நடந்தாள்.

கோச் பில்கா அந்த இரண்டு குதிப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பலகையை எடுத்து, ஜோரியின் பெயரை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ஆறு வாரப் பயிற்சி இருக்கு இந்தத் தொடைக்கு" என்றாள்.

"சீசன் ரெண்டு வாரத்துல முடியுதுங்க கோச்."

"தெரியும்." அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "அடிபட்ட சீனியருக்கு ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு பந்து குடுக்குறது வழக்கம்தானே. எதிரணி கோச்கிட்ட நான் பேசறேன். விசிலுக்கு முந்தி ஒரே ஒரு பந்து, கணக்குல வராது. அவங்க லேசா இந்தப் பக்கம் போடுவாங்க, மேரன் தூக்குவா, நீ அடி. அவங்க தொட மாட்டாங்க. ஆனா கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒரு விரற்கடைகூட. சத்தியம் பண்ணு."

ஜோரி சத்தியம் செய்தாள்.

மேரன்தான் தாம்தூம் என்று குதித்தாள். "உன்ன யாருடி அத திரும்பப் பாக்கச் சொன்னது? அவதான் பாஸ்னு சொல்லிட்டாளே!" என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கால் மணி நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பந்தோடு திரும்பி வந்தாள். அன்று மாலை முழுக்க, நின்றபடி அடிக்கத் தோதாகத் தாழ்வான பந்து தூக்கப் பழகினாள். வலைக்குச் சற்றே மேலே, ஜோரியின் கை எட்டும் தூரத்தில், மெத்தென்று. ஒவ்வொன்றும் அச்சு பிசகாமல் வந்தது. ஜோரி நின்ற இடத்திலிருந்தே தட்டி அந்தப் பக்கம் போட்டாள்.

"போதுமா?" என்றாள் மேரன்.

"போதும்" என்றாள் ஜோரி. போதவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இல்லாததற்கு இது மேல். பக்கத்தில் இட்செல், யாரும் சொல்லாமலே, ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு நடை நடந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. அப்பா சோளக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டைக் காலரில் உமி ஒட்டியிருந்தது. அவரும் அம்மாவும் இரு பக்கமும் கைகோக்க, ஜோரி நடுமைதானத்துக்கு நடந்தாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னதும் எதிரணிப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். அம்மா கையில் போன் இல்லை. இன்றைக்கு நான் எடுக்கப் போவதில்லை, பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பிறகு அணி வலைக்கு இந்தப் பக்கம் நின்றது. ஜோரி இடது ஓரத்தில், தன் பழைய இடத்தில் நின்றாள். தரையில் அந்த இடத்துக் கோடு லேசாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே பந்தை லேசாக இந்தப் பக்கம் தட்டினாள். பின்வரிசையில் இருந்தவள் அதை ஏந்தி மேரனிடம் அனுப்பினாள். மேரன் பந்துக்குக் கீழே போய் நின்று கையைத் தூக்கினாள்.

பந்து மேலே போனது.

தாழ்வாக இல்லை. நேற்று மாலை முழுக்கப் பழகியது எங்கே போனதோ, தெரியவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து பழகிய கை அது. கூட்டமும் கூச்சலும் ஜோரி நின்ற இடமும் சேர்ந்ததும் அதற்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. பந்து உயர உயரப் போய், இடது ஓரத்தில், அந்த இடத்தில், நின்றது. கனவில் நிற்குமே, அதே இடம்.

ஜோரியின் கால்கள் அவளைக் கேட்கவில்லை. இடது, வலது, இடது என்று மூன்று எட்டு வைத்துவிட்டன. கைகள் பின்னால் வீசின, முழங்கால்கள் மடிந்தன, உடம்பு மொத்தமும் வில்லாக வளைந்தது. மேரனின் முகம் வெளுத்தது. கோச் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். எழும்ப வேண்டியதுதான் பாக்கி.

ஜோரி எழும்பவில்லை.

மடித்த முழங்காலோடு, இரண்டு பாதமும் தரையில் அழுந்த, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பந்து ஒரு கணம் அங்கேயே இருந்தது. அவள் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அப்புறம் அது இறங்கத் தொடங்கியது. அது தன் உயரத்துக்கு வந்து சேரும்வரை காத்திருந்து, நின்றபடியே கையை ஓங்கி அடித்தாள். பந்து வலையில் மோதி, இந்தப் பக்கமே விழுந்து, அவள் காலடிக்கு உருண்டு வந்தது.

அரங்கத்தில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் ஓடிவந்தது மேரன். முகமெல்லாம் கண்ணீர். "சாரிடி, சாரிடி, கை கேக்கல, தாழப் போடணும்னு நெனச்சுக்கிட்டேதான் போட்டேன், கை கேக்கவே இல்லடி..."

"ஏய். இங்க பாரு." ஜோரி அவள் தோளைப் பிடித்தாள். "அதுதான்டி எனக்கு வேணும். நேத்து போட்டியே, அது யாரோ நொண்டிக்குப் போட்ட பந்து. இது என்னோடது."

"நீ எகிறி அடிக்கலயே."

"எங்க நின்னுச்சுன்னு பாத்தேன்ல. அது போதும்."

இம்முறையும் போதவில்லைதான். ஆனால் நேற்றுச் சொன்னதுபோல் இது பொய்யும் இல்லை. கைதட்டல் அப்போதுதான் எழுந்தது. ஜோரி பந்தை எடுத்து நடுவரிடம் கொடுத்துவிட்டு மைதானத்தின் ஓரத்துக்கு நடந்தாள். இட்செல் அங்கே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கையோடு கை தட்டிக்கொள்ளும்போது அவள் ஜோரியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"காதத் தொறந்து வச்சுக்க, கேப்டன்" என்றாள்.

"தொறந்துதான் இருக்கு. போ."

விசில் ஒலித்தது. ஜோரி பெஞ்சில் கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்கவில்லை. எதிரணி சர்வீஸ் போட, பின்வரிசை ஏந்த, பந்து மேரனிடம் போனது. மேரன் கையை விரித்து மூடினாள். பந்து அதே உயரத்துக்கு, அதே இடத்துக்குப் போய் நின்றது. இம்முறை அங்கே இட்செல் இருந்தாள். ஜோரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பந்தில் கை பட்ட அடி கேட்டது, அது எதிர்ப்பக்கத் தரையில் விழுந்த ஓசை கேட்டது. அவள் இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

அரங்கமே எழுந்து கூத்தாடியது. ஜோரி அப்போதுதான் அழுதாள்.